ராத்தா கேட்ட வானம்

என் பாசமுள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் போவது நம் ஊர் வழக்கத்தில் இல்லை. உங்களுக்கு ஒரு ஸலாம் சொல்ல எனக்கு இருப்பது இந்தத் தாள்தான். வீட்டில் எல்லோரும் சுகம். வேளாண்மை வெட்டி முடிந்து, றோட்டோரம் முழுக்க நெல் காயப்போட்டிருக்கிறார்கள். டீவிக்கு முன்னால் நீங்கள் உட்காரும் கதிரையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் அந்த வான நிகழ்ச்சி போனது. வழக்கம்போல ஒருவன் பாலைவனத்தில் நடந்து வந்தான். "இதோ பாருங்கள், என்ன ஒரு பேரழகு!" என்றான். பிறகு வாயை மூடிக்கொண்டான். வயலின் தொடங்கியது, திரையில் சனிக் கிரகம். நான் என்னையறியாமல் "வளையம் இடப்பக்கம் சரிஞ்சிருக்கு, ராத்தா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஓ.எல் சோதனை எழுத வேண்டிய வருஷத்தில்தான் உங்கள் கண்ணில் அழுத்தம் கூடியது. வாப்பா கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் இனி ஒன்றும் செய்ய ஏலாது, போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார். விஞ்ஞானப் பாடத்தில் வகுப்பிலேயே கெட்டிக்காரி நீங்கள். உம்மாவும் வாப்பாவும் மவுத்தான பிறகு, எனக்குச் சீதனமாய்க் கட்டிய இந்த வீட்டிலேயே இருந்தீர்கள். எனக்கு அக்காவும் நீங்கள்தான், உம்மாவும் நீங்கள்தான்.

அந்தக் காலத்து நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுத பிறகு அரசாங்க டீவியில் போகும். வெளிநாட்டுப் படம்தான், தமிழில் ஒருவர் குரல் கொடுப்பார். அவசரமே இல்லாத குரல். தூரம் சொல்வார், பாகை சொல்வார், அதை எப்படி அளந்தார்கள் என்றும் சொல்வார். எனக்குக் கொட்டாவி வரும். நீங்கள் காதைக் கொடுத்து அசையாமல் இருப்பீர்கள்.

சனியின் வளையம் நிலாவுக்குப் போகிற தூரத்தில் முக்கால்பங்கு அகலம் என்றும், தடிப்பு பல இடங்களில் வெறும் பத்துப் பதினைந்து மீற்றர்தான் என்றும் அவர் சொன்ன அன்று நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அவ்வளவு அகலத்துக்கு ஒரு தென்னை உயரம் தடிப்பா? அப்ப தோசையை விட மெல்லிசு புள்ள!"

நட்சத்திரத்தின் தூரத்தை அளப்பது எப்படி என்று ஒருநாள் விளக்கினார். பெருவிரலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறும், பூமி சுற்றும்போது கிட்ட உள்ள நட்சத்திரமும் அப்படித்தான் இடம் மாறும், அந்த மாற்றத்தை அளந்தால் தூரம் வரும் என்றார். நான் செய்து பார்த்தேன். நீங்களும் கையை நீட்டினீர்கள். "எனக்கு ரெண்டும் மூடித்தான் கிடக்கு. எண்டாலும் விளங்குது" என்றீர்கள்.

பிறகு டிஷ் வந்தது. பெரிய பெரிய நிகழ்ச்சிகள், கண்ணைப் பறிக்கிற நிறங்கள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. "என்ன புள்ள, மியூசிக்கப் போட்டுட்டு எங்கயோ எழும்பிப் போயிட்டான்?" என்று கேட்பீர்கள். நான் சொல்லத் தொடங்கினேன். எது எந்தப் பக்கம் நிற்கிறது, எது பெரிது, எது எதற்குப் பின்னால் மறைகிறது. நான் சொன்னது போதாமல் நீங்கள் கேட்டுக் கேட்டே நானும் கொஞ்சம் படித்தேன்.

என் மகள் ஷிப்னா ஒருநாள் உங்களோடு வாதாடினாளே! "பெரியம்மா, அந்தப் பழைய நிகழ்ச்சியெல்லாம் ஆரு பாத்த? இப்ப சின்னப் புள்ளைகள் கூடப் பாக்குது. இலேசாச் சொன்னாத்தானே ஆக்கள் பாப்பாங்க?"

"நான் பாத்தன் மகள்" என்றீர்கள். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னீர்கள்.

சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கிட்னியைப் பிடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யப் போகத் தொடங்கினோம். அந்த அறைச் சுவரில் ஒரு டீவி. உங்களுக்காக நர்ஸ் பிள்ளை அந்தச் சேனலைப் போட்டுவிடுவாள். அடுத்த கட்டிலில் பாண்டிருப்புச் சரோஜா அக்கா. புருஷன் கடலுக்குப் போகிறவர். யாரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்தபடி கிடப்பார்.

அன்று வயலின் தொடங்கியதும் நீங்கள் கேட்டீர்கள், "என்ன காட்டுறான்?"

"வியாழன், ராத்தா. பக்கத்தில நாலு நிலா."

"நாலும் ஒரே வரியிலயா?"

"ஓம்."

"அப்ப நாம பக்கவாட்டில நிண்டு பாக்கிறம்."

சரோஜா அக்கா தலையைத் திருப்பினார். "தங்கச்சி, கொஞ்சம் உரத்துச் சொல்லு. எனக்கும் கேக்கட்டும்."

நர்ஸ் பிள்ளை டீவிச் சத்தத்தைக் கூட்டப் போனாள். "அது வேணாம் மிஸ். இந்தப் பிள்ளையள் சொல்றதுதான் விளங்குது. ஏன் ஒரே வரியில நிக்கிது?" என்று சரோஜா அக்கா கேட்டார்.

"சோத்துத் தட்டக் கண்ணுக்கு நேராப் பிடிச்சா ஒரு கோடு மாதிரித் தெரியுமே அக்கா, அதுதான். ஒரே தட்டிலதான் நாலும் சுத்துது" என்றீர்கள். எதிர்க்கட்டில் கிழவர் ஒருவர், அந்தத் தட்டு எவ்வளவு பெரிது என்று கேட்டார். மெஷின் நிற்கும்வரை ஆளுக்கொரு கேள்வி. ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது களைத்துப்போய் என் தோளில் சாய்ந்திருந்தீர்கள். "பாத்தியா, ஆக்களுக்கு வேணும். சொல்லத்தான் ஆளில்ல."

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு வியாழக்கிழமை, கஞ்சி பருக்கும்போது, அடுத்த நிகழ்ச்சியில் என்ன காட்டுகிறானாம் என்று கேட்டீர்கள். செவ்வாய்க் கிரகம் என்றேன்.

"அங்க மண்ணெல்லாம் சிவப்பாமே. சிவப்பு எப்பிடி இருக்குமெண்டு மறந்துபோச்சு புள்ள."

"காஞ்ச செத்தல் மிளகாய் மாதிரி, ராத்தா."

"அதின்ட மணம்தான் ஞாபகம் வருது."

நாம் இருவரும் கடைசியாகக் கதைத்தது அதுதான். வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் எழும்பவில்லை. ஜும்மாவுக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். நான் வாசல் கடப்படி வரைதான் வந்தேன்.

இவர் அடக்கிவிட்டு வந்து, "நல்ல அமைதியான இடம், அழகா இருக்கு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அமைதியெண்டா என்ன? மதிலுக்குக் கிட்டயா, தூரமா? நிழல் எந்தப் பக்கத்தால விழுது? மண் என்ன மண்?" என்று கத்தினேன். வீடு நிறைய ஆட்கள். மனுஷன் சால்வையை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனார். மஃரிப் தொழுகைக்கு முன் வந்து, என் முன்னால் குந்தி, ஒவ்வொன்றாகச் சொன்னார். கிழக்கு மதிலை ஒட்டியே. வேம்பின் நிழல் காலையில் விழும், பின்னேரம் விழாது. மேலே வெள்ளை மணல், ஒரு முழத்துக்குக் கீழே ஈரம். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஷிப்னா அந்தப் பழைய நிகழ்ச்சியில் ஒன்றை யூடியூபில் தேடி எடுத்தாள். சேர்ந்து பார்த்தோம். அதிலும் மியூசிக் இருக்கிறது, ராத்தா! அவரும் "அற்புதம்" என்றுதான் சொல்கிறார். நாம்தான் மறந்துவிட்டோமா? ஆனால் அற்புதம் என்று சொன்ன பிறகும் மனுஷன் போய்விடவில்லை, இருந்து விளக்குகிறார். முடிந்ததும் ஷிப்னா, "பெரியம்மா சொன்னது சரிதான் உம்மா" என்றாள். அதை நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?

போன கிழமை சரோஜா அக்கா வீட்டுக்கு வந்தார். அவருடைய ஆள் பிடித்த பாரை மீன் கொண்டு வந்திருந்தார். உங்கள் கதிரையைத் தடவிப் பார்த்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று கேட்டார். "நீ இனி அங்க வரமாட்டியா தங்கச்சி? டீவி ஓடுது. எல்லாரும் சும்மா பாத்துக்கொண்டு கிடக்கிறம்."

அந்த அறை வாசலில் கால் வைக்க எனக்குப் பயம், ராத்தா. உங்கள் கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருப்பார்கள். அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஆனாலும் வருகிற செவ்வாய் போகிறேன். அக்காவின் கட்டிலோரம் இருந்து, டீவிக்காரன் பேச்சை நிறுத்தும் இடத்தில் நான் தொடங்குவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். படித்து அடுத்த கிழமை சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அல்லாஹ் உங்கள் கப்றை ஒளியாக்கி வைக்கட்டும்.

உங்களோடு கூடப்பிறந்தவள்,
நீங்கள் "புள்ள" என்று கூப்பிட்ட தங்கச்சி,
ஜெஸீமா