வழியில் விழுந்த பதினான்கு சீட்டுகள்

அன்புள்ள மச்சான்,

தை மாதம் உங்களை அனுப்பிவைத்தோம். இப்போது ஐப்பசி. இத்தனை நாளும் மனதுக்குள்ளேயே உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன், அது போதுமென்றிருந்தது. இப்போது போதவில்லை. எழுதினால்தான் ஆகும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்து நம் ரசிகர் குழுவிலும் போடப்போகிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம்ம வெட்டாறு பிரதர்ஸ் புதிதாக ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக மேடையில் நிற்கிற மெல்லிசைக் குழு, தலைமுடியெல்லாம் நரைத்த பிறகு பழைய பாட்டுகளில் பதினான்கைப் பொறுக்கி, மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறது. கேட்க நீங்கள் இல்லாமல் போனீர்களே என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் மச்சான், அது எங்கே கிடைக்கிறது தெரியுமா? நாகப்பட்டினத்தில் ஒரே ஒரு ஜவுளிக்கடையில். உங்கள் மகள் தமிழரசி வேலை பார்க்கிறதே, அதே கடை. சட்டைத் துணி எடுத்தால் அது வைத்துத் தருகிற பெட்டிக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கும். வேறு எந்தக் கடையிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. நம் குழுவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறாரே, வேட்டி, துண்டு தவிர வேறு உடுத்தாதவர், அவர் மூன்று சட்டைத் துணி எடுத்துவிட்டார். வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாங்கிப்போனவர்கள் உண்டு.

வாங்கிப் போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் தலை சுற்றியது. "கொடியக்கரைக் குயிலு" இல்லை! அந்தப் பாட்டு இல்லாமல் வெட்டாறு பிரதர்ஸ் எந்த ஊரில் மேடை இறங்கியிருக்கிறார்கள்? அதற்குப் பதிலாக "நாலாம் நம்பர் மதகு", "மழை விட்ட பிறகு", "உப்பளத்தில் ஒரு விளக்கு". எல்லாம் கேசட்டின் இரண்டாம் பக்கத்துக் கடைசியில் கிடந்த பாட்டுகள். மேடையில் ஒருநாளும் பாடாதவை. ஆல்பத்துக்குப் பெயர் அதைவிட விசித்திரம்: "வழியில் விழுந்தவை".

குழுவில் ஒரே அமளி. லீடருக்கு உடம்பு சரியில்லை, மனதில் இருந்ததைப் பாடிவைத்துவிட்டார் என்றது ஒரு கட்சி. தம்பிகளுக்குள் சண்டை, நல்ல பாட்டெல்லாம் பாகம் பிரிக்கிறார்கள் என்றது இன்னொன்று. கணக்கு வாத்தியார் பாட்டுகளின் முதல் எழுத்தையெல்லாம் சேர்த்துப் படித்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மைக்செட்காரர் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆள், அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் துணி எடுக்கப் போனேன். "தீபாவளி இல்லாத வருஷம், சட்டத்துணி எதுக்கு? எடுத்தா யாரு தைக்கிறது?" என்று உங்கள் தங்கை கேட்டாள். ஆனாலும் போய் எடுத்துவந்தேன். மறுநாள் காலையில் ஷெட்டில் ஆம்ப்ளிபயரைத் துடைத்துவைத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருந்த பட்டியலைப் படித்தேன். முதல் பாட்டு, சரி. இரண்டாவது, சரி. நாலாவது வந்தபோது மறுபடி முதலிலிருந்து படித்தேன். பதினான்கையும் படித்து முடித்தபோது ஷெட்டின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினான்கும் நீங்கள் கேட்ட பாட்டுகள். நீங்கள் கேட்ட வருஷ வரிசையிலேயே.

இதைப் படிக்கிறவர்களுக்கு இனி நான் சொல்லியாகவேண்டும். கீழ்வேளூர்க் கடைத்தெருவில் சட்டை தைத்துக்கொண்டிருந்த டெய்லர் ராஜேந்திரன் என் மனைவி கலாவின் அண்ணன். வருஷா வருஷம் பங்குனித் திருவிழாவில் எங்கள் ஊரில் வெட்டாறு பிரதர்ஸ் கச்சேரி உண்டு. விரும்பிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். சீட்டெல்லாம் மைக்செட்காரர் கைக்குத்தான் முதலில் வரும், அவர்தான் மொத்தமாக லீடரிடம் கொடுப்பார். மச்சான் பாட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த ஒரு கடை பில் புக்கில் பாட்டின் பெயரை எழுதி, தாளைக் கிழித்து, நாலாக மடித்து என்னிடம் தருவார். பிறகு நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்வார்.

பதினான்கு வருஷம் பதினான்கு சீட்டு. அதில் ஒன்றைக்கூட நான் கொடுக்கவில்லை, மச்சான்.

முதல் வருஷம் உண்மையிலேயே மறந்துபோனது. ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது, அதைப் பார்க்க ஓடினேன், சீட்டு பையிலேயே நின்றுவிட்டது. கச்சேரி முடிந்து நீங்கள் வந்து, "குடுத்தீங்களா மாப்ள?" என்றபோது, மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "குடுத்தேன் மச்சான், பாடல" என்றேன். அடுத்த வருஷம் யோசித்துத்தான் செய்தேன். நீங்கள் கேட்கிற பாட்டெல்லாம் மெதுவாகப் போகிறவை. நடுவில் அப்படி ஒன்றைப் பாடினால் கூட்டம் எழுந்து கடலை வாங்கப் போய்விடும். கூட்டம் கலைந்தால் விழாக் கமிட்டி என்னைத்தான் முறைக்கும், மறுவருஷம் வேறு மைக்செட்டைக் கூப்பிடும். அதனால் உங்கள் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குயிலுப் பாட்டை எடுக்கச் சொல்லி லீடருக்குக் கை காட்டினேன்.

அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஒரு பொய்யை முதல் வருஷம் சொல்லிவிட்டு மூன்றாம் வருஷம் எப்படித் திருத்துவது? "நேரம் இருந்திருக்காது, அடுத்த வருஷம் பாப்போம்" என்று நீங்களே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போவீர்கள். மறுநாள் துவைக்கும்போது கலா என் சட்டைப் பையிலிருந்து காகிதக் கூழை எடுத்து எறிவாள். அதோடு சாட்சி போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? நம் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாதே? உண்மையைச் சொல்கிறேன், நான் பயந்துபோனேன். நீங்களே வந்து லீடர் காதில் சொல்லிவிட்டீர்களோ என்றுகூட நினைத்தேன்.

தமிழரசியைக் கடையில் போய்ப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னது. "அப்பாவோட பில் புக்குல காப்பி இருந்துச்சு மாமா. லீடர் ஐயாகிட்ட அப்பாவே கொண்டுபோய்க் காட்டுனாங்க. பாடி முடிச்சதும் எங்க முதலாளி நம்ம கடையிலயே வைக்கலாம்னாரு. சட்டத்துணியோட குடுத்தா அப்பாவுக்குப் பொருத்தமா இருக்கும்னு நான்தான் சொன்னேன்." உங்களுக்குத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தது.

கார்பன் காகிதம்! முப்பது வருஷம் உங்கள் கடையில் சட்டை தைத்துக்கொண்டவன் நான். ஒவ்வொரு பில்லுக்கும் அடியில் ஒரு நகல் நிற்கும் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? தமிழரசி அந்தப் பில் புக்கைப் பையிலிருந்து எடுத்து, "நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று என் கையில் கொடுத்துவிட்டது. அதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அங்கிருந்து நேரே லீடர் வீட்டுக்குப் போனேன்.

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் நீங்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். லீடர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நோட்டைத் திறந்து வச்சு, ஐயா இதையெல்லாம் ஏன் ஒருதடவைகூட பாடலன்னு கேட்டாருங்க. எனக்கு இப்படி ஒரு சீட்டு வந்ததே இல்லையேன்னேன். மனுஷன் முகம் செத்துப்போச்சு. யாருகிட்ட குடுத்து அனுப்புனீங்கன்னு கேட்டேன். நோட்டை மூடிப் பையில வச்சாரு. அப்புறம், வழியில எங்கயாவது விழுந்திருக்கும்ங்க, விடுங்கன்னாரு. நாப்பது வருஷத்துல அந்தப் பாட்டையெல்லாம் கேட்ட ஒரே ஆளு. அதான் பாடிட்டோம். பேரு போடுறேன்னதுக்கு வேணாம்னுட்டாரு."

டீ டம்ளர் என் கையில் இருந்தது. குடித்தேனா, வைத்தேனா, நினைவில்லை. அது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் வெட்டாற்றுப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது மச்சான், சம்பா நடவு எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சட்டை நினைவுக்கு வந்தது.

போன தீபாவளிக்கு நீங்கள் எனக்குத் தைத்துக்கொடுத்த நீலச் சட்டை. நீங்கள் கடைசியாகத் தைத்தது. அதன் பையில் மட்டும் ஒரு மூடி வைத்து, பட்டன் போட்டிருந்தீர்கள். "என்ன மச்சான், போலீஸ்காரன் சட்ட மாதிரி இருக்கு?" என்று கேலி செய்தேன். நீங்கள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "வழியில எதுவும் விழாம இருக்கணும்ல மாப்ள" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை குழம்பு ஊற்றச் சொல்லி என் இலையைக் காட்டினீர்கள்.

எல்லாம் தெரிந்துகொண்டு எப்படி மச்சான் முடிந்தது? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருந்தால்கூட இன்றைக்கு நான் நிம்மதியாக இருப்பேனே.

வீட்டுக்கு வந்து கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? மைக்கு வச்சிருக்கீங்கல்ல, அதுல சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்றுதான் டீ கொடுத்தாள்.

இன்று காலை பில் புக்கைத் திறந்தேன். பதினான்கு நகல்கள், நீல மை மங்கிப்போய். அதற்கு அடுத்த தாள் கிழிக்காமல் நின்றது. மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தால், லீடரைப் பார்த்துவந்த பிறகு, இந்த வருஷப் பங்குனிக் கச்சேரிக்காக நீங்கள் எழுதிவைத்த பதினைந்தாவது சீட்டு. பாட்டு: கொடியக்கரைக் குயிலு. விரும்பிக் கேட்பவர்: மைக்செட் மாப்பிள்ளை.

அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வருகிற பங்குனியில் ஆல்பத்தின் பதினான்கு பாட்டையும் கீழ்வேளூரில் பாட லீடர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கமிட்டிக்காரர்கள் இப்போதே முனகுகிறார்கள், கூட்டம் நிற்காதாம். நிற்காவிட்டால் போகட்டும். அன்றைக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" தவிர வேறெதுவும் மைக்கில் பேசியறியாதவன், முதல் பாட்டுக்கு முன்னால் சீட்டுகள் யார் கையில் விழுந்தன என்பதைப் பெயரோடு சொல்வேன். பதினான்கும் பாடி முடித்த பிறகு பையின் பட்டனைக் கழற்றி, உங்கள் பதினைந்தாவது சீட்டை நானே மேடையேறி லீடர் கையில் கொடுப்பேன். நாலாவது வரிசையில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கும், கலா பார்த்துக்கொள்வாள்.

இந்தத் தடவை வழியில் விழாது மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்,
நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காத மாப்பிள்ளை.