இடது பக்கத்துக்குக் கூடுதல் துணி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த வரியை எழுதுகிற நேரம் வரைக்கும் நானும் அப்பாவும் சுகம், அதற்கு மேல் எதையும் அடித்துச் சொல்கிற தைரியம் எனக்கு விட்டுப்போய்விட்டது. நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் எதை ஆரம்பித்தாலும் "அதெல்லாம் ஏன் அவகிட்ட சொல்ற" என்று கையைப் பிடித்து அமுக்குகிறார். தபால் ஆபீஸ் திறந்துவிட்டார்கள், அவரும் பம்ப் ரூமுக்கு வேலைக்குப் போய்விட்டார், அதனால் தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். சாப்பிடுவதற்கு முன்னால் இதைப் படிக்காதே, சாப்பிட்ட உடனேயும் படிக்காதே.

ஊரையே மூடி வைத்திருந்தபோதும் தண்ணீர் வேலைக்காரர்களுக்கு லீவு கிடையாது என்பது உனக்குத் தெரியும். எனக்குத்தான் சட்டை தைக்கக் கொடுக்க ஒரு ஈ காக்கை வரவில்லை, மிச்சத் துணியையெல்லாம் வெட்டி மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றை மாட்டியவர்தான் உன் அப்பா, வேலையில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார், ஹாலில் தனியாகப் படுத்தார். கேட்டதற்கு "நாலு இடம் போய் வர்றவன், உனக்கு ஒட்டிடக் கூடாதுல்ல" என்றார். இந்த மனுஷனுக்கு என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் உருகிப்போனேன். எதிர்வீட்டு வாத்தியாரம்மா தன் பிள்ளைகளிடம் "அவரைப் பாத்துக் கத்துக்கங்கடா" என்று சொன்னாள். நீயும் போனில் அவரைப் பார்த்துவிட்டு, "அப்பா எவ்வளவு கவனமா இருக்காரு, நீதான்மா கழுத்துல தொங்கவிட்டுட்டுச் சுத்துற" என்று எனக்குப் பாடம் எடுத்தாய்.

கொஞ்ச நாளில் "பெரிசாத் தையேன், காது வரைக்கும் வரட்டும்" என்று கேட்டார். தைத்தேன். பிறகு இடது பக்கம் இழுக்கிறது என்றார். பழைய மாஸ்க்குக்கு மேலேயே டேப்பை வைத்து அளந்து, இடது பக்கம் கூடுதலாகத் துணி விட்டு, ஒரு மடிப்பும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவரும் கண்ணாடியில் பார்த்து, இப்போது கச்சிதமாக இருக்கிறது என்றார். நினைத்துப் பார், ஒருத்தருக்கு ஒரு தோள் இறங்கியிருந்தால் அவர் கடைக்குள் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுகிறவள் நான். கட்டின புருஷனுக்கு ஒரு கன்னம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது, நான் அதற்கு இடம் விட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்னையே இரண்டு அறை அறையலாம் போல வருகிறது.

அப்புறம் அந்த வாடை. வெந்நீரில் ஊறப்போட்ட மாஸ்க்கை எடுக்கும்போதெல்லாம் குப்பென்று வரும். எலிதான் செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்தினேன், மெஷினுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினேன், ஒன்றும் இல்லை. துணியின் உட்புறத்தில் மஞ்சளாக ஒரு கறை, சோப்புக்கும் போகாது, வழவழவென்று கையில் ஒட்டும். என்னவென்று கேட்டால் பம்ப் ரூம் கிரீஸ் என்றார். நானும் நம்பி அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துவைத்தேன். எந்த ஊரில் கிரீஸ் அழுகிய நாற்றம் அடிக்கும்? அந்தக் கையோடுதான் காய் நறுக்கினேன்.

ஒரு நாள் காலையில் வாஷ்பேசினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தண்ணீரை வீணாக்குகிற ஆள் கிடையாதே என்று போய்ப் பார்த்தால், மாஸ்க் இல்லாமல் கண்ணாடி முன்னால் நிற்கிறார், கையில் குழாய் முடுக்குகிற குறடு. ஆமாம், அதேதான், சாக்கடை மூடியைத் தூக்குகிற அதே குறடு. பேசின் முழுக்க ரத்தமும் எச்சிலும் நூல் நூலாக. இடது கன்னம் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் உப்பி, தோல் பளபளவென்று, பார்க்கச் சகிக்கவில்லை. கடைவாய்ப் பல் ஒன்று எப்போதோ உடைந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் வலி மாத்திரையை விழுங்கி விழுங்கி ஓட்டியிருக்கிறார். ஊரில் எந்தத் தெருக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகினாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர், தன் வாய்க்குள் சீழ் ஒழுகுவதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். கத்து கத்தென்று கத்தினேன். அப்போதுதான் விஷயத்தைக் கக்கினார். அவரோடு வேலை பார்த்த வால்வுக்காரர் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே தொற்று ஒட்டி, திரும்பவே இல்லையாம். "நான் போய்த் திரும்பலைன்னா மூட்டையாக் கட்டித்தான் குடுப்பாங்க. என் பொண்ணுக்கு முகத்தைக்கூடக் காட்ட மாட்டாங்க" என்றார். உனக்குக் காட்டவேண்டிய முகத்தைத்தான் அப்படி அழுகவிட்டிருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நம் தெருமுனைப் பல் டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், பலகையில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு சிரிப்பவர். போன் செய்தால் மூடியிருக்கிறோம் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பப் பாடுகிறது. நேரில் போனேன். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்று கெஞ்சினேன், வாளியைக்கூடக் கீழே வைக்காமல் "வாயை போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பா வாய்க்குள் டார்ச் அடித்து எடுத்தேன், ஈறெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக, மூச்சு முகத்தில் அடிக்க, பாதியில் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி எடுத்தேன். அனுப்பினால் மாத்திரை பெயர் ஒன்றை எழுதி, கூடவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றையும் அனுப்பி வைத்தார். எதற்கு அந்தக் கட்டைவிரல் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பயம் எல்லோருக்கும்தான், பயப்படுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் அந்த மனுஷனை மதித்திருப்பேன். உன் சித்தப்பா தன் பங்குக்கு, பிராந்தியை வாயில் அடக்கி வைத்தால் போய்விடும் என்று வைத்தியம் சொன்னார். அவருக்கு எந்த நோய்க்கும் அதுதான் மருந்து.

மாத்திரை கேட்கவில்லை. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் ஒழுகவிட்டுக்கொண்டு, சூடாக எதையோ வாயில் அடக்கினவர் மாதிரி பேச ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை, அவருடைய ஆபீஸ் வண்டியை வரவழைத்து, முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பல் பிரிவில் ஒரே ஒரு அறைதான் திறந்திருக்கிறது என்றார்கள். ஆனால் அதற்கு முன்னால் வாசல் இருக்கிறதே. காவல்காரர் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்தார், அது கூவியது. பல்லில் சீழ் வைத்தவருக்குக் காய்ச்சல் இல்லாமல் என்ன இருக்கும்? "காய்ச்சல்னா அந்தக் கொட்டகை வரிசைம்மா, யாரா இருந்தாலும்" என்று கையைக் காட்டினார். கொட்டகையில் இருமிக்கொண்டும் சுருண்டும் ஏகப்பட்ட பேர். உன் அப்பா எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ அது கண்ணெதிரே நிற்கிறது. அவர் என் கையை உதறிவிட்டு வெளியே திரும்பினார். பல்லுதான் காரணம் என்று நான் சொல்லச் சொல்ல யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் கைத்திறமை அப்படி, வெளியிலிருந்து பார்த்தால் வீக்கமே தெரியவில்லை. அவரைப் பிடித்து நிறுத்தி ஒரே இழுப்பாக மாஸ்க்கை உருவினேன்.

அந்த வாடையை நீ நினைத்துப் பார்க்க வேண்டாம். தரையில் போட்ட வட்டத்துக்குள் தள்ளித் தள்ளி நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியும் நகராத கூட்டம் தானாக விலகியது. காவல்காரர் மாஸ்க்குக்கு மேலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த நர்ஸ் ஒருத்திதான் கழுத்தைப் பார்த்ததும் ஓடிவந்து, "இவரைக் கொட்டகைக்கா அனுப்பினீங்க" என்று அந்த ஆளைத் திட்டிவிட்டு நேராகப் பல் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே துளைபோடுகிற மெஷினைத் தொடக்கூடாதாம், எச்சில் தெறிக்குமாம், கீறி விடுவதும் பிடுங்குவதும் மட்டும்தான். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் நான் வெளியே நின்று பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை மூடிய ஒரு சின்னப் பெண்தான் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். அவள் கீறியதும் வந்தது பார், ஒரு தட்டு நிறைய, தயிர் கெட்டுப்போன மாதிரி. நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுளித்தாளா என்று தெரியவில்லை, மூடியிருந்தது, கை மட்டும் நிற்கவே இல்லை. முடித்துவிட்டு வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சை அடைச்சிருக்கும்மா" என்றாள். அவளுக்கு மட்டும் என் வாழ்நாள் முழுக்கச் சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுப்பேன்.

சில நாள் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். தொற்றும் ஒட்டவில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், சுவரைப் பார்த்து அல்ல, என் எதிரில். பிடுங்கின பல்லை மட்டும் ஒரு சீசாவில் போட்டுக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார், நீ வரும்போது காட்டவேண்டுமாம். நாளைக்கே குப்பையில் போடப்போகிறேன்.

இப்போது உன் விஷயம். ஒரு மாதமாக நீ போனில் குரல் மட்டும்தான் தருகிறாய். கேமரா கெட்டுப்போச்சு என்றாய், பிறகு நெட் சரியில்லை என்றாய், பிறகு குளிக்கவில்லை என்றாய். உன் அப்பாவும் கிரீஸ் என்றுதான் சொன்னார். நீ அவருடைய மகள், எனக்கு இப்போது புத்தி வந்துவிட்டது. உடம்போ, வேலையோ, வேறு எதுவோ, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி, நான் முகம் திருப்ப மாட்டேன். நான் பார்த்ததற்கு மேல் இனி எனக்கு ஒன்றும் அருவருப்பு கிடையாது. நோய் நொடி அண்டாமல், வாய் விட்டுச் சிரித்துக்கொண்டு நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் ஆசியும் உண்டு, அவர் சார்பில் நானே எழுதிவிட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு உனக்கும் மாஸ்க் தைத்து வைத்திருக்கிறேன். உன் பழைய அளவில்தான், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கமாவது இறுக்கினால் சொல். பெரிதாகத் தைத்து அனுப்ப மாட்டேன், உன் முகத்தைப் பார்க்கக் கிளம்பி வருவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா