நீல விளக்கு

ஆடி 14, செவ்வாய்

கடல்மீன் தொட்டியில் பச்சைப் பாசி அடங்கவே மாட்டேன் என்கிறது. ஞாயிறன்றுதான் பவளப்பாறையை பிரஷ்ஷால் தேய்த்தேன். அதற்குள் முடிபோல வளர்ந்துவிட்டது. மதுரை மீன்கடை அண்ணனுக்கு போன் போட்டேன்.

"தொட்டியில தண்ணி வத்துனா என்ன தண்ணி ஊத்துறீங்க தம்பி?"

"கேன் தண்ணிதாண்ணே. சிறுமலை ஊத்துத் தண்ணி."

"தண்ணியில நைட்ரேட் இருந்தா பாசி அடங்காது. அதையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

பார்த்தேன். சோதனைச் சொட்டு விட்டதும், நைட்ரேட் இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் ரத்தச் சிவப்பானது. எங்கள் வீட்டு போர் தண்ணீரையும் சோதித்தேன். அதே சிவப்பு. என்ன சிறுமலை, என்ன ஊற்று! வயல் உரம் இறங்கிய இந்த ஊர் போர் தண்ணீரைத்தான் கேன்காரன் அடைத்துப் போட்டிருக்கிறான்.

"அதுலதான நம்ம பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்குறேன்," என்றாள் செல்வி. "நல்லாக் கொதிக்க வச்சுத்தாங்க குடுக்குறேன்."

கொதித்தால் நைட்ரேட் போகாது. அது உடம்பில் சேர்ந்தால் கைக்குழந்தைக்கு உதடு நீலம் பூக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பாப்பா தொட்டிக்குப் பக்கத்தில் தூங்குகிறாள். தொட்டியின் நீல விளக்கு மட்டும் எரிகிறது. அந்த வெளிச்சத்தில் அவள் உதடு நீலமாகத்தான் தெரிகிறது. எழுதுகிற என் கையும் அப்படித்தான் தெரிகிறது. வெள்ளை விளக்கின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.