இருபத்தேழாம் எண் ரத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் காட்டுச் சாலை வேலையில் டவரும் கிடையாது, தூக்கமும் கிடையாது. மணல் ஈ பிடுங்கித் தள்ளுகிறது. அது கடித்து மணிக்கட்டில் ஒரு புண். வலிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. முகாமில் பாதிப் பேருக்கு இதே கதைதான். போன வாரம் ஆய்வுக் குழு வந்து, புண் உடைந்தவர்களிடம் மட்டும் ரத்தம் எடுத்துப் போனது. உன் ஆய்வகத்துக்குத்தான் வருமாம். என் எண் இருபத்தேழு. பார்த்தால் நலம் விசாரி! ஊசி என்றால் அலறித் தெருவையே கூட்டிய உன் தம்பி இப்போது பெரிய மனுஷன்.

உன் தம்பி

மார்ச் 15

தம்பி,

எண்ணை நீ சொல்லியிருக்கவே கூடாது. எந்த ரத்தம் யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்த பிறகு என் கை சும்மா இருக்கவில்லை.

மணல் ஈ பரப்பும் நோய்க் கிருமியின் சாற்றை ரத்தத்தோடு கலந்து ஒரு நாள் வைப்போம். எதிரியை அடையாளம் கண்ட உடம்பு சண்டைக்கு எழும்; கருவியில் அளவு ஏறும். எல்லோருக்கும் ஏறியது. இருபத்தேழு மட்டும் அசையவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன்டா. உன் உடம்புக்கு எதிரி வந்ததே தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் புண் உடையாது; உனக்கு எப்படி உடைந்தது என்றுதான் புரியவில்லை. வழவழப்பான கட்டிகளாக முகம், காது என்று பரவும். காதுமடலைத் தொட்டுப் பார், தடித்திருக்கிறதா? சாக்குச் சொல்லாமல் உடனே கிளம்பி வா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா

மார்ச் 21

அக்கா,

திட்டாதே. அது என் ரத்தம் இல்லை.

வரிசையில் ஊசியைப் பார்த்ததுமே நான் பின்னால் நகர்ந்தேன். பக்கத்தில் நின்ற எங்கள் ஜீப் டிரைவர் என் எண் சீட்டை வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்க சார், நான் குடுத்துட்டு வரேன்" என்று சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நர்ஸ் சீட்டைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவருக்குப் புண் உடையாததால் அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் 'அப்பாடா' என்றிருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அவர் காது ஒரு மாதமாகத் தடித்திருக்கிறது. "குளவி கொட்டியிருக்கும் சார்" என்றார். நானும் சிரித்தேன். போன வாரம் அவரை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி

மார்ச் 26

தம்பி,

எண்ணைத் தெரிந்துகொண்டு பார்த்ததையும் நீ ஆள் மாற்றியதையும் தலைமை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது போகட்டும். அவரைத் தேடு. அவரைக் கண்டுபிடித்த பிறகுதான் நீ எனக்கு எழுத வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மலைக்கு அந்தப் பக்க முகாமில் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பெஞ்சில் தனியாக இருந்தார். கன்னத்திலும் புருவத்திலும் கட்டிகள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். பல மாதம் ஊசி போட வேண்டுமாம், கட்டிகள் அடங்கினாலும் திரும்ப வருமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று டாக்டர் முடிக்காமல் விட்டார்.

என் எண் உனக்குத் தெரிந்திராவிட்டால் யாரும் அவரைத் தேடியிருக்க மாட்டார்கள். இதை உன் தலைமை டாக்டருக்கும் எழுதியிருக்கிறேன்.

இன்று என் ரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவருக்கு இன்றைய ஊசி வந்தது. சட்டையைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

"சார், இத எனக்குப் பதிலா நீங்க போட்டுக்க முடியாதா?"

அக்கா, இந்த முறை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் தம்பி