மாமாவின் ஏர்கன்னும் அக்காவின் ரவையும்

குறி தவறாதவர் என்று இந்த ஊர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போய்ச்சேர்ந்து ஆவணியோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. தறி இரண்டும் ஓடுகின்றன. என் கை வழக்கம்போல ஊதாவாக இருக்கிறது. சாயம் போடுகிறவன் கை வேறு எப்படி இருக்கும்? உங்கள் ஏர்கன் நீங்கள் அடித்த அதே ஆணியில் தொங்குகிறது. போன வாரம் அதைக் கீழே இறக்கினேன். அது சம்பந்தமாக உங்களிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்பது உங்களைக் கட்டிக்கொண்ட என் அக்காவின் உத்தரவு. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

மெட்ராசிலிருந்து அதைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கச் சொன்னீர்கள். நல்ல கனம். கட்டை வழவழவென்று இருந்தது, குழலில் புது எண்ணெய் வாடை. நடுவில் மடக்கினால்தான் ஸ்பிரிங் இறுகும் என்று விளக்கிக்கொண்டே மடக்கி, உங்கள் கட்டைவிரலை நீங்களே நசுக்கிக்கொண்டீர்கள். அந்தத் துப்பாக்கி பார்த்த ஒரே ரத்தம் அதுதான்.

அதில் போடுகிற ஈயக் குண்டைக் கடைக்காரர் ரவை என்றாராம். நீங்களும் ரவை என்றே சொன்னீர்கள். அக்காவுக்கு ரவை என்றால் உப்புமா. அந்த வித்தியாசத்தை அன்றைக்கே உட்கார்ந்து தீர்த்திருக்கலாம் நாம்.

தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயையே அதற்கும் விட்டீர்கள். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்துபோய், விசையை இழுத்தால் ரவை குழல் நுனிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உங்கள் காலடியிலேயே விழுந்தது. ஆனால் தோளில் மாட்டும் வாரை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். நீங்களே தறியில் போட்ட அரக்குப் பட்டு, நாலு விரல் அகலம், இரண்டு ஓரமும் ஜரிகை, நடுவில் வரிசையாக மயில். எந்த ஜமீனிலாவது துப்பாக்கிக்கு அப்படி ஒரு வார் இருந்திருக்குமா?

தறியில் விரித்த பாவில் அத்தனை இழைக்கு நடுவே அறுந்த ஒற்றை இழையை நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு. அந்தக் கண்ணுக்குப் பத்தடி தள்ளி இருக்கும் எலுமிச்சம்பழம் மட்டும் ஏன் மாமா தெரியாமல் போனது?

ஊரை நம்பவைத்தது அறுபத்தேழு தேர்தல். லைசென்சு துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். இதற்கு லைசென்சும் கிடையாது, ஒப்படைக்கவும் தேவையில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் சலவை வேட்டி கட்டி, பட்டு வாரோடு தோளில் மாட்டி, நேர் வழியை விட்டுவிட்டு ராஜ வீதி சுற்றிப் போனீர்கள். இது வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்த ஏட்டையா, கடைசியில் அலுத்துப்போய் ஒரு துண்டுத்தாளில் ரசீது எழுதிக் கொடுத்தார். அதை நீங்கள் கண்ணாடி போட்டு மாட்டினீர்கள். அன்றிலிருந்து நீங்கள் வேட்டைக்காரர்.

எனக்கு அப்போது முப்பத்தொன்று. என் ஊதாக் கையைப் பார்த்து ஏதோ தோல் வியாதி என்று இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்தது திருப்புட்குழி வரன். பெண்ணை நாம் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, இந்தக் கலரில் ஒரு புடவை கிடைக்குமா என்று கேட்டவள். இதுவும் போனால் இனிமேல் கல்யாணமே வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தரகர் அவரிடம் உங்கள் ரசீதின் பெருமையை வேறு அளந்துவிட்டிருந்தார். நம் வீடு பார்க்க வந்த மனிதர் தறியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நேராக ஆணியைப் பார்த்தார். வாரைத் தடவிப் பார்த்தார். பிறகு கிணற்றுச் சுவர்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அடித்துக் காட்டச் சொன்னார்.

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டீர்கள்.

“அடிக்கிறதுக்கு இன்னாங்க, அடிக்கலாம். வூட்ல ரவை இல்லியே” என்றீர்கள்.

அது அடுப்பங்கரையில் இருந்த அக்கா காதில் விழுந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் வீட்டில் ரவை இல்லை என்பதா? அவள் ரவை பரப்பிய முறத்தோடு வெளியே வந்தாள்.

“யாருங்க சொன்னது? ரெண்டு படி இருக்குது. காலையிலதான் சலிச்சி வச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஹவில்தார் முறத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலில் இருந்த தகர டப்பாவை எடுத்துக் குலுக்கினார். உள்ளே ஈய ரவை கலகலவென்றது. ஒரு சின்ன விஷயத்துக்குப் பொய் சொல்கிற வீட்டில் பெண் கொடுக்கிற பழக்கம் தனக்கில்லை என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் என் கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டேன். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்த நொடியே, கட்டிக்காத்த பெயரை எல்லாம் நீங்களே போட்டு உடைத்தீர்கள்.

“உக்காருங்க. ரவையும் இருக்குது, துப்பாக்கியும் இருக்குது. எனக்குத்தான் சுட வராது. இத்தினி வருசத்துல நான் அடிச்சது ஒண்ணே ஒண்ணு. எங்க வூட்டு ஊறுகா ஜாடி.”

“அப்ப பூனை?” என்றாள் அக்கா.

ஜாடியை உடைத்தது பூனை என்று நீங்கள் சொன்னதை நம்பி, பூனை வளர்த்த பக்கத்து வீட்டம்மாவோடு அவள் மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்தாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

ஹவில்தார் மறுபடி உட்கார்ந்தார். பிறகு முறத்தை மடிக்கு இழுத்து, ரவையில் கையை விட்டு அளைந்தார்.

“பட்டாளத்துல நானும் இருவது வருசம் ரவையோடதாம்பா இருந்தேன். இதோ, இந்த ரவை. சமையக்காரன். ஊர்ல யாருக்கும் தெரியாது.”

அன்றைக்குக் கேசரி கிண்டியது அவர்தான். இரண்டு படியும் காலி. அதில் ஒரு கிண்ணத்தை அக்கா பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. உங்கள் தோல்வியால் குடும்பம் நடத்துகிறவன் நான், மாமா. இதை உங்களிடம் நேரில் ஒருநாளும் சொல்லவில்லை. கிண்டல் செய்வதற்கே நேரம் போய்விட்டது.

சரி, சங்கதிக்கு வருகிறேன். போன வாரம் ஏர்கன்னை இறக்கி, உள்ளே காய்ந்திருந்த தோல் வாஷருக்கு விளக்கெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கிணற்றுச் சுவரில் எலுமிச்சம்பழம் வைத்து மூன்று தரம் சுட்டேன். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்டியோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கினாள். அவள் அதைத் தொட்டதே அன்றைக்குத்தான்.

ஒரே ரவை. பழம் கிணற்றுக்குள் விழுந்தது.

“இதுக்கா அந்த மனுசன் இத்தினி வருசம் பாடுபட்டாரு?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்தாள். வாரில் இருந்த மயில்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அவருக்குத் தெரிய வேணாம்பா. மனசு கஷ்டப்படுவாரு.”

சொல்லிவிட்டேன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

வாஷருக்கு இனி விளக்கெண்ணெய்தான். வாரை வருஷத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி வைப்பேன். ரசீதுக் கண்ணாடியைத் துடைப்பேன். கிணற்றில் கிடக்கும் பழம் யார் அடித்தது என்று எவர் கேட்டாலும், எங்கள் மாமா அடித்தது என்றே சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பொய்யாலும் உண்மையாலும் குடும்பஸ்தனான
ஊதாக் கை மச்சான்