உலைமூடிமேல் ஒரு சாப்பாட்டு டப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அம்மா நலம். அவள் முழங்கால் மட்டும் அவளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் நான் "ம்" தவிர எதுவும் பேசுவதில்லை என்று கோபித்துக்கொண்டாயாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சோதனைக்கூடத்தில் கண்ணாடி கழுவுவது உனக்குத் தெரியும். அங்கே ஆராய்ச்சி செய்கிற அண்ணன் ஒருவர், கண்ணாடித் தகட்டில் டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, மின்சார உலையில் நானூற்று ஐம்பது டிகிரியில் அரை மணி நேரம் வைப்பார். சூட்டில் பொடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு உலை தானாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. நன்றாக வந்த தகடு வெயிலில் மின்சாரம் தரும். அவசரப்பட்டால் வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்துவிடும்.

மற்ற நாளெல்லாம் நன்றாக வருகிற தகடு செவ்வாய்க்கிழமை மட்டும் வெடித்தது. அண்ணன் கரண்ட்டைச் சந்தேகப்பட்டார், பசையைச் சந்தேகப்பட்டார். கடைசியில் என்னிடம் வந்து, "செவ்வாய்க்கிழமை மட்டும் வேற தண்ணியில கழுவுறியாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும், அக்கா. நான் பேசாமல் இருப்பதால் நான் அங்கே இருப்பதையே அவர் மறந்துவிடுவார். உலை முந்நூறு டிகிரிக்கு இறங்கும்போதே மூடியை இரண்டு விரல் உயரம் தூக்கி எட்டிப் பார்ப்பார். நீ சோற்றுப் பானையைத் திறந்து திறந்து பார்ப்பாயே, அதே மாதிரி. குறிப்பேட்டில் இதை எழுத மாட்டார். எட்டிப் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை ஆராய்ச்சியே இல்லை.

மற்ற நாளில் மூடிமேல் என் சாப்பாட்டு டப்பா இருக்கும். சூடாகட்டும் என்று வைப்பேன். ஒருமுறை அதை நகர்த்தப் போய், கையைச் சுட்டுக்கொண்டு கீழே போட்டுவிட்டார். அன்று நான் பட்டினி. அழவில்லை, மூக்கு மட்டும் ஒழுகியது. அன்றிலிருந்து டப்பா மூடிமேல் இருந்தால், ஒரு மணிக்கு நான் வந்து எடுக்கும்வரை உலைப் பக்கமே போக மாட்டார். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். எனக்குப் பன்தான், டப்பா கிடையாது.

சொல்லியிருக்கலாம். ஆனால் 'உள்ளே உணவுப் பொருள் கூடாது' என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும். போன செவ்வாய்க்கிழமை மேலிடத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். அன்றும் தகடு வெடித்தால் கூடத்தையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

அதனால் அன்று காலி டப்பாவைக் கொண்டுபோய் மூடிமேல் வைத்தேன். பதினோரு மணிக்குப் பெரிய மேடம் மூன்று பேரையும் கூட்டி வந்தார். "இது யாரோட டப்பா?" என்றார். அண்ணன் விட்டத்தைப் பார்த்தார். மேடம் எடுக்கக் கை நீட்டினார்.

அக்கா, நான் கத்திவிட்டேன். "எடுக்காதீங்க மேடம்! எடுத்தா அண்ணன் எட்டிப் பாப்பாரு!"

அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். என் குரலை அன்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. முந்நூறு டிகிரி, இரண்டு விரல், பன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் காதெல்லாம் சிவந்துபோய், "லேசாத்தான் பாப்பேன்" என்று முனகினார். வந்தவர்களில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, ஒரு மணி வரைக்கும் பாத்துடுவோம்" என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணிக்கு நானே டப்பாவை எடுத்தேன். பன்னிரண்டு தகடு. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

கூடத்தை மூடவில்லை, என் வேலையும் போகவில்லை. டப்பாவுக்குத்தான் வேலை கிடைத்துவிட்டது. மேடம் அதில் கருவி எண் ஒட்டிவிட்டார். இனிமேல் அதில் சாப்பிடக் கூடாதாம். எனக்கு வேறு டப்பா வாங்க வேண்டும்.

அப்புறம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதுவரை படித்தாய் என்று கேட்டார். ஒன்பது என்றேன். ஏன் நின்றாய் என்றார். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயம் என்று சொல்ல வரவில்லை. "ம்" என்றேன்.

பள்ளியை விட்ட அன்று சான்றிதழைக் கசக்கி எறிந்தேனே, நீ எடுத்து நீவி உன் பெட்டிக்கு அடியில் வைத்தாயே, அது இருக்கிறதா? மேடம் சொன்ன மாலை வகுப்பில் சேர அதைக் கேட்கிறார்களாம். அம்மாவிடம் இப்போது சொல்லாதே. கசங்கலை எடுக்கிறேன் என்று இஸ்திரி மட்டும் போட்டுவிடாதே, அக்கா. அப்படியே அனுப்பு. நான் மெதுவாகப் பிரித்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரே ஒரு முறை கத்திய
உன் தங்கை