செல்வி நிரப்பிய தாள்

12.8.96, திங்கள்

யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லித்தான் ஓட்டக்காரப் பெண்களிடம் என் உளவியல் ஆய்வுக்கான கேள்வித்தாளைக் கொடுத்தேன். 'தோற்றால் நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்ற வரிக்கு அன்னூர் செல்வி மட்டும் 'முழுக்க உண்மை' என்று குறித்திருந்தாள்.

மாலையில் பயிற்சியாளர் கையை நீட்டினார். "குடுங்க அம்மணி, பாத்துப்போட்டுத் தாரேன்."

தாள்களை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"இத்தன பயந்த புள்ளைய எப்படிங்க கடைசி ஆளா ஓட உடறது?" என்றவர், தொடர் ஓட்டத்திலிருந்து செல்வியின் பெயரை அடித்துவிட்டார்.

செல்வி என்னைத் திட்டவில்லை. "இன்னொரு தாள் குடுங்கக்கா. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுத் தாரேன், சார்கிட்டக் காட்டிருங்க" என்றாள். கேள்விகளைப் படிக்காமலே குறித்துக் கொடுத்தாள்.

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று அவளிடம்கூட நான் சொல்லவில்லை.